பவுடர் போடாத சாக்கடை

யாரோ பெரிய மனிதர் வருகிறாராம். காலையிலேயே எங்கள் தெரு ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுப் போனார்கள். ஊருக்கு அது சுத்தத்தின் வாசனை. எனக்கு மட்டும் அந்த நெடி பட்டாலே வயிற்றெரிச்சல். காரணத்தைச் சொன்னால் நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வீர்கள், பரவாயில்லை.

எம்.எஸ்ஸி. கடைசி வருடம் நானும் மாரியும் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் செய்தோம். மாரி வாடிப்பட்டிக்காரி. என்னை ‘மாப்ள’ என்றுதான் கூப்பிடுவாள். நானும் பெண்தான், அதெல்லாம் அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. ஃபேஜ் என்று ஒரு வைரஸ் உண்டு. நம்மை விட்டுவிடும், பாக்டீரியாவை மட்டும் போட்டுத்தள்ளும். அதைப் பிடிக்க வேண்டும். பாக்டீரியா எங்கே பெருத்துக் கிடக்கிறதோ அங்கேதான் அதுவும் இருக்கும். ஆகவே மதுரையில் இத்தனை கோயில் குளம் இருக்க, நாங்கள் சாக்கடை சாக்கடையாகச் சுற்றினோம்.

மாரிக்கு அது வெறும் மார்க் விஷயம் இல்லை. தாய்மாமன் மகன் தயாராக இருந்தான். ஹார்டுவேர் கடை, புது பைக். “மேல ஆராய்ச்சிக்கு எடம் கெடச்சாப் போ. இல்லாட்டி ஆவணியில கல்யாணம்” என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். இடம் கொடுப்பவர்களோ ஃபேஜ் கிடைத்ததா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

சாக்கடைத் தண்ணீரை வடிகட்டி, பாக்டீரியாவோடு கலந்து தட்டில் ஊற்றி வைப்போம். மறுநாள் தட்டு முழுக்கப் பாலாடை மாதிரி பாக்டீரியா படர்ந்திருக்கும். ஃபேஜ் இருந்தால் அந்த ஆடையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். எங்களுக்கு வாரக்கணக்கில் ஒன்றும் விழவில்லை. பாக்டீரியா மட்டும் கொழுகொழுவென்று வளர்ந்தது. வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கும் தண்ணீர் எடுக்கப் போனோம். காற்று வாங்கி, சுண்டல் தின்று, பாட்டிலை நிரப்ப மறந்து திரும்பினோம். எங்கள் விஞ்ஞானத்தின் லட்சணம் அது.

ஒருநாள் மாரி பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். “மாப்ள, இது நாறவே இல்லயே.”

அப்போதுதான் உறைத்தது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்காக, நாங்கள் போன வாய்க்காலுக்கெல்லாம் முன்னாலேயே பவுடர் போட்டிருந்தார்கள். அதில் ஃபேஜ் எங்கே மிஞ்சும்? செத்த தண்ணீரைத்தான் பத்திரமாகச் சுமந்து வந்திருக்கிறோம்.

பிறகு பவுடர் போடாத சாக்கடைக்கு அலைந்தோம். சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் குடலைப் புரட்டும் நாற்றத்தோடு ஒன்று கிடைத்தது. மாரி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் கயிற்றில் பாட்டிலைக் கட்டி இறக்கும்போது ஒரு வீட்டு அக்கா இடுப்பில் கைவைத்தபடி வந்தார்.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா? பூராத்தையும் அள்ளிட்டுப் போங்க, நாத்தம் தாங்கல.”

“நாங்க சுத்தம் பண்ற ஆளுக இல்லக்கா, காலேஜு. கொஞ்சூண்டு போதும்” என்றாள் மாரி.

“கொஞ்சூண்டா? இம்புட்டும் ஒங்களுக்குத்தான். எடுத்துக்கங்கத்தா.”

“அக்கா, ஒரு வாரத்துக்கு மட்டும் இதுல யாரையும் பவுடர் போட விட்றாதீங்க. இத வச்சுத்தான் என் கல்யாணத்த நிறுத்தணும்.”

அந்த அக்கா மாரியை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் தட்டெல்லாம் சல்லடை. மாரி லேபிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டு, அப்பாவுக்குப் போன் போட்டாள்.

“ஓட்டை விழுந்துருச்சுப்பா.”

எதில், என்ன ஓட்டை என்று அவர் கேட்கவில்லை. “சரித்தா. மாமன்கிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார்.

இடம் கிடைத்தது. முதலில் பெங்களூரு, அப்புறம் கடல் தாண்டி. ஹார்டுவேர் கடைக்காரருக்கு வேறு பெண் அமைந்து நன்றாகத்தான் இருக்கிறார். அந்தச் சாக்கடையைக் கான்கிரீட் போட்டு மூடியாயிற்று, மேலே பைக்குகள் நிற்கின்றன. எங்கள் ஃபேஜ் இருந்த குழாயும் துறையின் பழைய ஃப்ரிட்ஜோடு போய்ச் சேர்ந்தது. அதெல்லாம் போகட்டும். மாரி எப்போதாவது வருகிறாள், இரண்டு நாளில் கிளம்பிவிடுகிறாள். அவளை இந்த ஊரை விட்டு அனுப்பத்தான் அத்தனை சாக்கடையிலும் நான் கையை விட்டிருக்கிறேன். அன்றைக்கே யாராவது இதைச் சொல்லியிருந்தால், சிம்மக்கல்லில் அந்தக் கயிற்றை நழுவ விட்டிருப்பேனோ என்னவோ.