நடுத்தூணுக்குக் கட்டிய டயர்

பாலத்தைத் திறந்துவைத்தவருக்குக் கல்லில் பெயர் வெட்டுவார்கள். அதைக் காக்கிற என்னைப் போன்ற ஓவசியருக்குக் கிடைப்பது ஏச்சு மட்டும்தான். அரசாங்கக் கந்தோர் படியேறிக் கால் தேய்ந்த உங்களுக்கு இதை விளக்கவா வேண்டும்?

கப்பலின் பெயர் என்ன?

கண்டிக்கு வெளியே, மகாவலியில் ஒரு பழைய பாலம் என் பொறுப்பில் இருந்தது. மணல் அள்ளுகிற வள்ளங்களை அதன் நடுத்தூணில் கட்டிவைப்பது அங்கே வழக்கம். தண்ணீர் ஏறினால் வள்ளங்கள் தூணில் இடிக்கும். மலையிலிருந்து அடித்து வருகிற மரங்களும் இடிக்கும். தூணில் வெடிப்பு விழுந்திருந்தது. அது போனால் அக்கரைத் தோட்டத்துப் பெண்கள் பல்லேகல ஆடைத் தொழிற்சாலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வழியே இல்லை.

தூணுக்கு முன்னால் இரும்புக் கம்பங்கள் நட்டால், வருவதெல்லாம் அதில் மோதி ஒதுங்கும் என்று மேலிடத்துக்கு எழுதினேன். பதிலுக்கு ஒரு படிவம் வந்தது. மோதிய கப்பலின் பெயர், கொடி, கப்டனின் பெயர்! துறைமுகத்துக்கான படிவத்தை அப்படியே தூக்கி அனுப்பியிருந்தார்கள், புண்ணியவான்கள். 'கப்பல் இல்லை' என்று எழுதித் திருப்பினேன். கோரிக்கையை மூடிவிட்டார்கள். போனில் கேட்டபோது அங்கிருந்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர் சொன்னார்: "கப்பல் ஏதும் வந்தா எழுதும் காணும், அப்ப பாப்பம்."

முழங்கால் தண்ணீர்

நான் விடவில்லை. திரும்பத் திரும்ப எழுதியதில் ஒரு இஞ்சினியர் வந்தார், அதுவும் கொளுத்துகிற வெயில் காலத்தில். ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர். ஜீப்பை விட்டு இறங்காமலே பார்த்தார். "வெள்ளம் வரும்போது வந்து பாருங்க ஐயா" என்றேன். "அந்த மழையில யாரு வருவா?" என்றார்.

சிவப்பு, வெள்ளை

அவர் அனுமதித்தது பழைய லொறி டயர்கள். அன்றைக்கு இருந்த தண்ணீருக்கு ஒரு முழம் மேலே கட்டச் சொன்னார். வெள்ளம் வந்தால் டயர் அடியில், மரம் மேலே. இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே கட்டினேன், வெட்கங்கெட்டு பெயின்டும் அடித்தேன். ஒரு கிழமைக்குள் மணல் முதலாளி வாழைக்குலையோடு வந்தார்: "நல்ல வேல செஞ்சீங்க ஐயா, இப்ப வள்ளத்துல ஒரு கீறல் விழுறதில்ல."

செல்வராணி

ஐப்பசி மழையில் பெரிய மரமொன்று வேரோடு வந்தது. டயர்கள் தண்ணீருக்குள் பத்திரமாக இருந்தன. மரம் சரியாக வெடிப்பிலேயே இடித்தது, தூண் சரிந்தது. முன்கூட்டியே நான் பாதையை மறித்திருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அதற்காக மேலிடம் என்னைப் பாராட்டியது, கேளுங்கள்!

பத்து நாள் கழித்து அக்கரையிலிருந்து செல்வராணி என்ற பெண் என்னைத் தேடி வந்தாள். சுற்றுவழியில் இரண்டு பஸ் ஏறித் தினமும் பிந்திப் போனதால், தொழிற்சாலையில் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். மழை, மரம், மேலிடம் என்று என்னென்னவோ உளறினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அந்த டயரு பத்தாதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க ஐயா."

தூணைக் காக்கிறவன் ஆற்றைப் பார்த்து வேலை செய்ய வேண்டும். நான் இஞ்சினியரின் முகத்தைப் பார்த்துச் செய்தேன்.