சித்திக்குப் பத்துக்கு மூன்று

எங்கள் தெருவில் ஸ்லோவேனிய மொழி பேசத் தெரிந்த ஒரே ஆள் என் சித்தி. அப்படி ஒரு மொழி இருப்பதே ஆம்பூரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த கால்வாசிப் பேரும் எங்கள் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டவர்கள்தான். அந்த மொழியில் சித்திக்கு நான் ஒரு பரீட்சை வைத்துப் பத்துக்கு மூன்று மார்க் போட்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. இன்றைக்கு நினைத்தாலும் என் வாயில் நானே ரெண்டு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. கல்யாணம் ஆகவில்லை, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை. அந்தக் கம்பெனிக்கு ஸ்லோவேனியாவிலிருந்து மலையேறுகிறவர்கள் போடும் பூட்ஸுக்கு ஆர்டர் வந்தது. சாதாரண ஷூ மாதிரி இல்லை, தோல் தடிமன், தையல் முறையே வேறு. கற்றுக்கொண்டு வர ஒரு டெக்னீஷியனையும் சித்தியையும் அனுப்பினார்கள். டெக்னீஷியன் மூன்றாவது வாரமே குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, சோறு கிடைக்கவில்லை என்று திரும்பிவிட்டார். சித்தி எட்டு மாதம் இருந்தாள்.

அவள் இருந்தது பெரிய ஊர் இல்லை. சுற்றிலும் மலை, நடுவில் பள்ளத்தாக்கு, அதில் ஒரு கிராமம். வீட்டுக்கு ஒருவர் பூட்ஸ் தைக்கிற கிராமமாம். பக்கத்து மிஷினில் தைத்த ஓர் ஊர்க்கார அம்மாவின் வீட்டிலேயே சித்திக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, சித்திக்கும் தெரியாது. அதுவே வசதியாகப் போயிற்று. பகலெல்லாம் மிஷினில், சாயங்காலம் சமையலறையில், ஒருத்தி பேசப் பேச இன்னொருத்தி பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது ஒரு ஸ்வெட்டரும் நாலு சாக்லேட்டும் அந்தப் பாஷையும் கொண்டுவந்தாள். சாக்லேட் அன்றே தீர்ந்துபோனது. பாஷை தீரவில்லை. பால் பொங்கி வழிந்தால் "யோய், யோய்" என்றபடி ஓடுவாள். பாத்திரம் தேய்க்கும்போது தனக்குத்தானே எதையோ சொல்லிச் சிரித்துக்கொள்வாள். நான் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணக் கற்றுக்கொண்டு பள்ளிக்கூடத்தில் அலட்டிக்கொண்டேன்.

அந்த வருஷமே பூட்ஸுக்கென்று கம்பெனியில் புது லைன் போடுவதாக ஏற்பாடு. அங்கிருந்து ரிட்டையரான ஒரு வயதான மாஸ்டர், சித்திகூடப் பார்த்திராதவர், வந்து மூன்று மாதம் தங்கி லைனை ஓட்டிக் காட்டுவார், அவருக்குச் சொந்த மொழியைத் தவிர வேறு தெரியாது, ஆகவே அவரோடு பேசத் தெரிந்த சித்திதான் அந்த லைனுக்கு சூப்பர்வைசர் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எங்கள் தெருவிலிருந்து கம்பெனி பஸ் ஏறிய பெண்களில் அதுவரை ஒருத்திகூட சூப்பர்வைசர் ஆனதில்லை. அம்மா இதைத் தெருவில் ஒருவர் விடாமல் சொன்னாள், கீரை விற்கிறவர் உட்பட. சித்தி மட்டும், "வேல ஆர்டர் பேப்பர் கைக்கு வரட்டும்க்கா, அதுக்குள்ள இன்னாத்துக்கு தண்டோரா?" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா புது செல்போன் வாங்கினார். அதில் நான் ஒரு வீடியோவைக் கண்டுபிடித்தேன். கண்ணாடி போட்ட ஒரு டீச்சரம்மா ஸ்லோவேனியம் கற்றுக்கொடுத்தாள். இங்கிலீஷில் ஒரு வாக்கியம் எழுத்தில் வரும், பிறகு அதை அவள் தன் மொழியில் நிறுத்தி நிதானமாகச் சொல்வாள். சித்தியை மெச்சிக்கொள்ளலாம் என்றுதான் அதை எடுத்துக்கொண்டு போனேன், சத்தியமாக. நான் தமிழில் கேட்பது, சித்தி சொல்வது, பிறகு டீச்சரம்மாவைப் பேசவிட்டுச் சரிபார்ப்பது. பத்துக் கேள்வி.

முதல் கேள்வியிலேயே இடித்தது. 'இது என் வீடு' என்பதற்குச் சித்தி ஒன்று சொன்னாள், டீச்சரம்மா வேறொன்று சொன்னாள். டீச்சரம்மா கெட்டியாகக் 'க' சொல்லும் இடத்தில் சித்திக்கு வெறும் மூச்சுதான் வந்தது. டீச்சரம்மா வார்த்தையை முழுசாக முடித்தாள், சித்தி பாதியை விழுங்கினாள். சில வாக்கியங்களில் ஒரு வார்த்தைகூட ஒட்டவில்லை. சித்தி போனைக் காதில் வைத்து மறுபடியும் கேட்டாள்.

"இன்னா இது, நியூஸ் படிக்கிறவங்க மாதிரி பேசுது. எங்க லைன்ல ஒருத்தரும் இப்டி பேசமாட்டாங்களே" என்றாள்.

எனக்குக் குழப்பமாக இருந்தது. டீச்சரம்மா கண்ணாடி போட்டிருந்தாள், பின்னால் போர்டு இருந்தது. சித்தி நைட்டியோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். யார் சொல்வது சரி என்பதில் ஒன்பது வயதுக்கு என்ன சந்தேகம் வரும்? பத்துக்கு மூன்று போட்டேன். சித்தி சிரித்துக்கொண்டே, "ஃபெயிலாடி நானு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இந்தத் தவளை தன் வாயால் சித்தியைக் கெடுத்தது. கம்பெனி பஸ்ஸும் எங்கள் ஸ்கூல் வேனும் ஒரே இடத்தில்தான் நிற்கும். மறுநாள் காலை அங்கே எதிர்வீட்டு அத்தை நின்றிருந்தாள். அவளும் அதே கம்பெனி, கட்டிங் செக்‌ஷன். வெளிநாட்டுக்கு அவளும் பெயர் கொடுத்து, கிடைக்காமல் போயிருந்தது.

"இன்னாடி, உங்க சித்தி உனக்கும் அந்த பாஷ கத்துக் குடுத்துட்டாளா?" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

"அவளுக்கே சரியா தெரியாது அத்த. நான் டெஸ்ட் வெச்சேன். பத்துக்கு மூணுதான்" என்றேன். பஸ்ஸுக்கு நின்றிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் பேச்சுக்குப் பெரியவர்கள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. பெருமையோடு வேனில் ஏறினேன்.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. ஒரு வாரத்தில் அது எங்கெங்கோ போய்விட்டது. பாஷை தெரியாதவள் எட்டு மாதம் அங்கே எப்படிக் காலம் தள்ளினாள்? போனது அந்த நாட்டுக்குத்தானா? டெக்னீஷியன் திரும்பி வந்துவிட்டாரே, பார்த்தவர் யார்? இந்தப் பேச்செல்லாம், அந்தப் 'பத்துக்கு மூணு' உட்பட, எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியும் வந்தது. அம்மா ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் எதிர்வீட்டு அத்தையோடு சண்டை போட்டுவிட்டு வந்து அழுதாள். அவர்கள் எதற்குச் சண்டை போட்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நான் சொன்னது மார்க்கைப் பற்றி மட்டும்தானே?

கடைசியில் மேனேஜர் காதுக்கும் போனது. அவர் சித்தியைக் கூப்பிட்டு, ஆயுத பூஜை அன்றைக்கு அந்த ஊர்க்காரர்கள் வருகிறார்கள், எல்லார் முன்னாலும் அவர்கள் மொழியில் நாலு வார்த்தை பேசு, அதற்குப் பிறகு முடிவு செய்யலாம் என்றாராம். இல்லையென்றால் மொழிபெயர்க்க வெளியிலிருந்து ஓர் ஆளை வைத்துக்கொண்டு, லைனை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள்.

அன்று சாயங்காலம் சித்தி என்னிடம் வந்து, "அந்த டீச்சரம்மாவ போடுடி" என்றாள். பத்து நாள், வேலை விட்டு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தாள். "நீ பாத்து சொல்லு, சரியா வருதான்னு" என்று என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். டீச்சரம்மா சொன்னதைச் சித்தி சொல்வாள். நாக்கு பழைய வழியிலேயே போய் மாட்டிக்கொள்ளும். "தப்பு சித்தி, மறுபடியும்" என்பேன். மறுபடியும் சொல்வாள். எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம், ஸ்கேல்கூட எடுத்து வைத்துக்கொண்டேன். ஒருநாள் நடுவில் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தபடி, "அப்ப எட்டு மாசம் நான் இன்னாத்ததான் பேசினேன்?" என்றாள். என்னைக் கேட்கிறாளா என்று தெரியாமல் நான் வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டேன்.

ஆயுத பூஜை அன்று கம்பெனிக்குள் குடும்பத்தையும் விடுவார்கள். முதலாளி பாய் வீட்டிலிருந்து எல்லாருக்கும் ஸ்வீட் பாக்கெட் வரும். மிஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். ஊசி முனைக்குக்கூட யாரோ பொட்டு வைத்திருந்தார்கள். வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவர்கள் நாட்டுத் தலைநகரத்து ஆபீஸிலிருந்து வந்த மேடம், கழுத்தில் மாலையோடு எல்லாரிடமும் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். இன்னொருவர் அந்த மாஸ்டர், வெள்ளை பேண்ட் போட்ட கிழவர். மேடம் ஏதாவது கேட்டால் தலையாட்டினார், அவ்வளவுதான். காலையிலிருந்து அவர் வாய் திறந்து நான் பார்க்கவில்லை. பாவம், ஊமை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மேனேஜர் சித்தியைக் கூப்பிட்டார். "சரிங்க சார், வருகிறேன் சார்" என்று சித்தி பதில் சொன்னதே எனக்குப் புதிதாக இருந்தது, வீட்டில் அவள் இப்படி ஒரு தமிழ் பேசி நான் கேட்டதில்லை. முன்னால் போய் நின்று டீச்சரம்மா வாக்கியங்களை ஒப்பித்தாள். நான் உதட்டை அசைத்துக்கொண்டே கூடவே போனேன். ஒரு தப்பும் இல்லை. மேடம் கைதட்டிவிட்டு அந்த மொழியில் கடகடவென்று ஏதோ கேட்டாள். சித்தி வாயைத் திறந்தாள், மூடினாள். ஒரு வார்த்தை சொன்னாள், அதைத் திருத்தினாள், திருத்தியதையும் திருத்தினாள். மேடம் சிரித்த முகத்தோடு, "வெரி நைஸ்" என்று இங்கிலீஷுக்குப் போய்விட்டாள். மேனேஜர் தரையைப் பார்த்தார். கூட்டத்தில் எதிர்வீட்டு அத்தை யாரிடமோ குனிந்து எதையோ சொன்னாள். கிழவர் இது எதையும் கவனிக்காமல் ஊசியில் இருந்த பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாகத்தானே சொன்னாள், ஏன் எல்லார் முகமும் இப்படி ஆகிவிட்டது என்று எனக்குப் பிடிபடவில்லை.

அதற்குள் வாசலில் பூசணிக்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள். திருஷ்டிப் பூசணிக்காயை நடுவில் குடைந்து, உள்ளே குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, சூடம் ஏற்றிச் சுற்றிப் போட்டு உடைத்தார்கள். நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உடைத்ததும் தானாக விலகி நடப்பார்கள். கிழவருக்கு அது யார் சொல்வது? என்னவென்று பார்க்க ஆசையாகக் கிட்டே போனவர் நேராக அதன்மேல் கால் வைத்துவிட்டார். வழுக்கி மல்லாந்து விழுந்தார். வெள்ளை பேண்ட் முழுக்கச் சிவப்பு. ரத்தம் என்று யாரோ கத்த, எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

சித்தி மட்டும் ஓடினாள். "யோய், யோய்" என்றபடி பூசணிக்காய்ச் சேற்றிலேயே உட்கார்ந்து அவர் காலைத் தூக்கி மடியில் வைத்து, ஷூவைக் கழற்றிக் கணுக்காலை அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே திட்டினாள். எங்கள் வீட்டில் நான் மாடிப்படியில் விழுந்தால் திட்டுகிற அதே திட்டு, அந்தப் பாஷையில். டீச்சரம்மாவின் வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாம் நான் தப்புப் போட்ட வார்த்தைகள்.

கிழவர் வலியை மறந்து அவளைப் பார்த்தார். பிறகு பேசினார் பாருங்கள், ஊமை என்று நான் நினைத்த மனிதர், மூச்சு விடாமல் பேசினார். அவரும் கெட்டி 'க' சொல்லவில்லை, அவரும் பாதியை விழுங்கினார். சித்தி பதில் சொன்னாள். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, குங்குமக் கையாலேயே துடைத்துக்கொண்டார்.

மேனேஜர் மேடத்திடம் ஏதோ கேட்டார். அவள் சொன்னதைத் திரும்பி எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்: "இது அவங்க பள்ளத்தாக்குப் பேச்சாம். மேடத்துக்கே பாதிதான் புரியுதாம். நம்ம பொண்ணு அங்கயே பொறந்தவ மாதிரி பேசுதாம்."

கிழவர் எழுந்து நின்றதும் சித்தியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நொண்டி நொண்டி நடந்தார், விடவேயில்லை. புது லைன் யாருக்கு என்று அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. அடுத்த மாதம் சித்தி சூப்பர்வைசர் கோட்டு போட்டாள். எதிர்வீட்டு அத்தையே வந்து, "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

ஆயுத பூஜை அன்று திரும்பி வரும் பஸ்ஸில் பொரிப் பொட்டலத்தோடு சித்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாத்தா உன்னிடம் என்ன கேட்டார் என்றேன்.

"எந்த வீட்ல தங்கினேன்னு கேட்டாரு. சொன்னேன். அந்தம்மா இன்னும் சூப்புல உப்பு ஜாஸ்திதான் போடறாளான்னு கேட்டாரு" என்று சிரித்தாள்.

"அப்ப டீச்சரம்மா பேசறது பொய்யா, நீ பேசறது பொய்யா?"

"ரெண்டும் நெஜம்தான்டி. நாம பேசறத ரேடியோல பேசுவாங்களா? அதுக்குன்னு நாம பேசறது பாஷ இல்லன்னு ஆய்டுமா?"

"அந்தத் தாத்தா ஏன் அதுவரைக்கும் பேசவே இல்ல?"

சித்தி என் பொட்டலத்திலிருந்து ஒரு வாய் பொரி அள்ளிக்கொண்டாள். "அந்த மேடம் பக்கத்துல இருந்தாங்க இல்ல" என்றாள். மேடம் பக்கத்தில் இருந்தால் பேசுவதற்கு என்ன என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு கேள்விக்கு ரெண்டு விடை சரியாக இருக்க முடியும் என்பதும் விளங்கவில்லை. அப்படியானால் மார்க் எப்படிப் போடுவது? பேஜாராகப் போய், பொரியைத் தின்று முடித்து, அவள் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

இது எதுவும் இப்போது எனக்குப் புரியாமல் இல்லை. நானும் ஆபீஸில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இரண்டு தமிழ் பேசித்தான் பிழைக்கிறேன். புரிய வெகுகாலம் ஆனது வேறொன்று. பத்துக்கு மூன்று என்கிற கணக்கு எனக்கும் சித்திக்கும் மட்டும் தெரிந்தது. பஸ் நிறுத்தத்தில் அதை யார் சொல்லியிருக்க முடியும் என்று அவள் ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. கேட்காததால், அவளுக்குத் தெரியாது என்றே நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.