உப்புப் பார்த்தது சாப்பாட்டில் சேருமா?

எங்கள் ஆய்வகத்தில் அவரை எல்லாரும் ஊசி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். இருபத்திரண்டு வருடமாக ரத்தம் எடுக்கிறார். நரம்பு அகப்படாத கை என்று அவருக்கு ஒன்று கிடையாது. "மேல பாருங்க, ஃபேன் எப்படி ஆடுதுன்னு" என்பார். ஆள் நிமிர்வதற்குள் ஊசி ஏறியிருக்கும்.

அவர் எடுக்கும் ரத்தத்தின் பரிசோதனை எண்களைக் கணினியில் ஏற்றுவது நான். எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி, அதுவும் கணக்கில்.

வயிறு காலியானால் கிரெலின் என்றொரு ஹார்மோன் சுரக்கும். பசியைக் கிளப்புவதோடு நிற்காமல், மூளைக்கு அடியிலுள்ள சுரப்பியைத் தட்டி வளர்ச்சி ஹார்மோனை வெளியே விடவும் சொல்லும். அந்தத் தட்டலுக்கு ஆண் உடம்பும் பெண் உடம்பும் ஒரே மாதிரிதான் மசிகின்றனவா? அதுதான் எங்கள் ஆய்வு. காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும். கால் மணிக்கு ஒருதரம் ரத்தம்.

கிரெலினுக்கு வளர்ச்சி ஹார்மோன் எப்படி ஏறுகிறது என்று ஆளுக்கொரு கோடாக வரைபடம் போட்டேன். ஆண்களின் கோடுகள் ஒழுங்காக வந்தன. பெண்களுடையவை ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. ஆய்வை நடத்தும் பெரிய டாக்டர் அலுத்துப்போனார்.

"பெண்களை விட்டுடலாம். ஆண்களை வச்சே முடிச்சிடுவோம். வெள்ளிக்கிழமை அறிக்கையை எழுதிடறேன்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "நாலு மாசமா குத்தியிருக்கேன் சார். வேலையை விட்டுட்டு வந்து கையை நீட்டினவங்க. தூக்கிப் போடறதா?" என்னிடம் திரும்பினார். "தம்பி, நீயாவது சொல்லேன்."

"எண்ணு பொய் சொல்லாதுக்கா" என்றேன். பட்டம் வாங்கிய வாயாச்சே!

மறுநாள் காலை ஒரு தையல்காரம்மா வந்தார். "சாப்பிட்டீங்களா?" என்று படிவத்தில் இருந்தபடியே கேட்டேன்.

"பச்சத்தண்ணி பல்லுல படலை."

குறித்துக்கொண்டேன். கையைப் பிடித்த அக்காவுக்கு வெங்காய வாசம் அடித்தது.

"சமைச்சிட்டா வந்தீங்க?"

"பின்ன? வீட்ல நாலு பேரும் பட்டினி கிடக்கவா?"

"உப்புப் பாத்தீங்களா?"

"பாக்காம எப்படி இறக்கறது?"

"புள்ளைங்க தட்டுல மிச்சம்?"

"கொட்டவா முடியும்? ரெண்டு வாய். அதெல்லாம் சாப்பாட்டுல சேருமா?"

அக்கா சிரித்தே விட்டார். "சேராதும்மா. ஆனா அது வயித்துக்குத் தெரியாதே!"

உள்ளே ஏதாவது போனால் கிரெலின் இறங்கிவிடும். அன்று முழுக்க அக்கா பழைய பட்டியலை வைத்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். முப்பத்தொரு பெண்களில் பத்தொன்பது பேர் சமைத்துவிட்டு, ருசி பார்த்துவிட்டு வந்தவர்கள். ஆண்களில் ஒரே ஒருவர். அவர் தொழிலே சமையல்.

மிச்சப் பன்னிரண்டு பெண்களின் கோடுகளை மட்டும் தனியே போட்டேன். சொல்லி வைத்தாற்போல் சேர்ந்து நின்றன. ஆண்களின் கோட்டைவிடச் செங்குத்தாகவும் ஏறின.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பன்னிரண்டு பேரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் கடைசியில். அக்காவின் முகம் வாடிவிட்டது. "அதனால பத்தொன்பது பேரையும் திரும்பக் கூப்பிடுங்க. தப்பு நம்ம கேள்வியில."

அக்கா அங்கேயே போனை எடுத்தார். முதல் அழைப்பு தையல்காரம்மாவுக்கு. அன்று காலை அடுப்படிப் பக்கமே போகக் கூடாது என்று விளக்கினார்.

"வர்றேன்க்கா. ஆனா அன்னைக்கு யாரு சமைக்கிறது?"

"போனை உங்க வீட்டுக்காரர்கிட்ட குடுங்க" என்றார் அக்கா.