ருசி பார்க்கச் சொன்னேன்

மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மகனின் பெட்டியில் போன வாரம் ஒரு பீர் டின் இருந்தது.

“இதுல ஆல்கஹால் இல்லம்மா. அங்க கடையில இத ஜூஸோடத்தான் வச்சிருப்பானுவ,” என்றான்.

டின்னில் எழுதியிருந்ததைப் படித்தும் எனக்கு மனம் அடங்கவில்லை. குடியால் இந்த வீடு பட்டது போதாதா? அந்த ருசி தெரிந்தவர் வீட்டில் என் கணவர் மட்டும்தான். மண்டைக்காட்டு அம்மன் முன்னால் சத்தியம் செய்து, குடியை விட்டு நாலு வருஷமாகிறது. மகனைப் பற்றிய பயத்தில் அதை நான் யோசிக்கவில்லை. டம்ளரில் ஊற்றி அவரிடம் நீட்டினேன்.

“ஒரு வாய் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க.”

என் முகத்தைப் பார்த்தபடி டம்ளரை வாங்கினார். பிறகு ஒரு வாய் உறிஞ்சி, விழுங்காமல் கண்களை மூடிக்கொண்டார். வாசலில் போய்த் துப்பிவிட்டு வந்து டம்ளரைக் கீழே வைத்தார்.

“அவன் சொன்னது சரிதான். போதை இல்லட்டி. ஆனா ருசி அதேதான். கொண்டு போயி கொட்டீரு.”

கொட்டிவிட்டு வந்தபோது சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

“எங்க போறிய?”

“மண்டைக்காட்டுக்கு. நீயும் வா. வழியில பிராந்திக் கடை இருக்கு.”

பஸ்ஸில் அவர் கையைப் பிடித்தபடியே இருந்தேன். அவர் எப்போதோ குடியை விட்டுவிட்டார் என்று நினைத்திருந்தேன். தினமும் விட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.