நாலு வருடத்து வாய்தா

அந்த அரசு வக்கீலம்மாவுக்கு வாய்தா என்றாலே ஆகாது. வழக்கைத் தள்ளிவைக்கச் சொல்லி எதிர்த்தரப்பு வக்கீல் வாயைத் திறப்பதற்குள் ஆட்சேபித்துவிடுவார்.

இருபது வருடம் முடித்தால் முழு ஓய்வூதியத்தோடு போகலாம் என்பது விதி. முடித்தார். அதற்குள் அதை இருபத்திரண்டாக்கினார்கள். விதி எழுதுகிறவர்களுக்கென்ன, பேனா சும்மா இருந்தால் கை அரிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் முடித்து, மேசை இழுப்பறையைக்கூடக் காலி செய்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து வந்தது புதுச் சுற்றறிக்கை: ஒப்பந்தத்தில் வேலை பார்த்த முதல் நான்கு வருடங்கள் சேராதாம்.

"அந்த நாலு வருஷமும் நான் கோர்ட்டுல ஈ ஓட்டிக்கிட்டா இருந்தேன்?" என்று வீட்டில் கணவரிடம் சீறினார். "அப்ப நான் உள்ள தள்ளினவனெல்லாம் தண்டனை முடிச்சு வெளியவே வந்துட்டான்!"

"அவனுங்களுக்கு யாரும் விடுதலைத் தேதியை மாத்தலையேம்மா," என்றார் கணவர்.

மறுநாள் காலை எதிர்த்தரப்பு வக்கீல் தயங்கித் தயங்கி எழுந்து ஒரு மாதம் வாய்தா கேட்டார். நீதிபதி வழக்கம்போல் வக்கீலம்மா பக்கம் திரும்பினார்.

"ஆட்சேபணை இல்லைங்கய்யா. ரெண்டு மாசமாவே குடுங்க," என்றார் வக்கீலம்மா. "நான் எங்க போகப் போறேன்?"