யாரும் நடக்காத பாதை

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் எங்கள் தீவில், இந்தக் கராச்சர்மா ஊரில் நான் கட்டிய சுவர் ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டம் ஒன்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டும் காண்டிராக்டும் எனக்குத்தான் வந்தது.

சர்க்கரை வியாதிக்காக அங்கேதான் காலையில் நடப்பேன். ஐப்பசி மழையில் இலை கொட்டிக் கிடக்கும். தோட்டக்காரரை இங்கே மாலி என்போம்; ஒல்லியான மனிதர், காக்கிச் சட்டை, வெறுங்கால். பூப்பாத்திகளை விட்டுவிட்டு, பின்பக்கம் காட்டுக்குள் மேடேறும் ஒற்றையடிப் பாதையைத்தான் முதலில் கூட்டுவார். அதில் ஒருவரும் நடந்து நான் பார்த்ததில்லை.

“அரே மாலி, யாருக்காகக் கூட்டுறீங்க? பன்னிக்கா? அடுத்த வாரம் நம்ம சுவர் வந்து இதை அடைச்சிடும்.”

விளக்குமாறு நின்றது.

“அடைச்சிராதீங்க தொரை. நான் கட்சால் தீவுல இருந்தவன். சுனாமியில கடல் ஊருக்குள்ள வந்த அன்னைக்கு மேட்டுக்கு ஓடுனோம். எம் பொஞ்சாதி ஈர இலையில வழுக்கிட்டா.”

அவ்வளவுதான். மறுபடி கூட்ட ஆரம்பித்துவிட்டார்.

சுவரைக் கட்டினேன். பாதை வரும் இடத்தில் மட்டும், இரண்டு பேர் கைகோத்து ஓடும் அகலத்துக்கு வழி விட்டேன். பிளானில் இல்லையே என்றார் இன்ஜினியர். என் சுவரில் குறை சொன்ன முதல் ஆள் அவர்தான்.

இப்போதும் நடக்கும்போது அந்த இடத்தில் இலை கிடந்தால் காலால் ஒதுக்கிவிட்டுத்தான் போகிறேன்.