கடதாசி இல்லாமல் ஓடிய ஜெயம்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: ஜெயம் செத்த செய்தி வந்தபோது நான் சிரித்தேன். முகாமில் எங்களோடு இருந்த, இன்னும் அங்கேயே இருக்கிற செல்வம் என் வீட்டுக்குப் போன் எடுத்து, "அக்கா, ஜெயம் விழுந்திட்டான்" என்றான். "விழுறதுதானேடா அவன்ர வேலை, எழும்புவான்" என்று சொல்லி வைத்துவிட்டு, கத்தரிக்காயைப் பிரட்டப் போனேன். திரும்ப எடுத்து, "எழும்பேல்லை அக்கா" என்றான். கத்தரிக்காய் கருகியது.

அவனை அறிந்த உங்களுக்கு இது தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எண்பத்தைந்தில் ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் அகதி முகாமில் நாங்கள் ஒரே மாடியில் இருந்தோம். பக்கத்து மைதானத்தில் ஜெர்மன்காரர் அமெரிக்கன் புட்போல் விளையாடுவார்கள். பெயர்தான் புட்போல், உரித்த தேங்காய் மாதிரி ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும், மற்றவர்கள் பாய்ந்து ஆளை விழுத்துவார்கள். ஒருநாள் வேலிக்கு வெளியே உருண்டுவந்த பந்தை ஜெயம் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினான். ஏழு பேர் துரத்தியும் பிடிபடவில்லை. பயிற்சியாளர் அன்றைக்கே சப்பாத்துக் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்.

"எப்பிடியடா தப்பினனி?" என்று கேட்டேன்.

"ஆமி துரத்தேக்க சப்பாத்தும் இல்லாமல் ஓடினனான் அக்கா. இவங்களிட்டத் துவக்கும் இல்லை."

"பந்தையாவது விட்டிருக்கலாமே?"

"அதை என்ர கேஸ் கடதாசியள் இருக்கிற பை எண்டு நினைச்சுக்கொண்டு ஓடுவன்."

கடதாசிப் பையைத் தவறவிட்ட அகதியை நீங்கள் கண்டதுண்டா? அவனும் பந்தை ஒருநாளும் விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் கூடியது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் எங்கள் கடதாசிகளுக்கு முத்திரை குத்துகிற கண்ணாடிக்காரரும் வருவார். வாங்கில் ஏறி நின்று, ஜெர்மன் உச்சரிப்பில் "யேயம்! யேயம்!" என்று தொண்டை கிழியக் கத்துவார். பருவத்தின் கடைசி ஆட்டம் கொலோனில் வந்தது. அதில் வென்றால்தான் மேல்பிரிவு. ஆனால் எங்கள் அகதி வழக்கு முடியும்வரை நகர எல்லையைத் தாண்டுவதற்கு அனுமதி வேண்டும்; அதனால் அதுவரை அவன் சொந்த மைதானத்தில் மட்டும்தான் ஆடியிருந்தான். ஜெயம் அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், எழுதிக்கொண்டு போனான். நானும் கூடப் போனேன்.

கண்ணாடிக்காரர் வாசித்துவிட்டு, "விளையாட்டு அவசரத் தேவை அல்ல" என்றார்.

"ஞாயிற்றுக்கிழமை ஓடு, ஓடு எண்டு நீங்கள்தானே கத்தினனீங்கள்?" என்று ஜெயம் தன் ஜெர்மனில் கேட்டான்.

"அது என் ஓய்வுநாள்" என்றார் அந்த மனுசன்.

எனக்கு அந்த மேசையைக் கவிழ்த்துவிட வேண்டும் போல இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. ஜெயம் அனுமதி இல்லாமலே போனான். கொலோன் புகையிரத நிலையத்தில் பொலிஸ் பிடித்துத் திருப்பி அனுப்பியது. இன்னொருமுறை தாண்டினால் அகதி வழக்கே கெட்டுப்போகும் என்று எழுத்தில் கொடுத்தார்கள். பாதி ஆட்டங்களுக்கு வர ஏலாதவனை வைத்திருக்க முடியாது என்று கழகமும் கைவிரித்தது. இரண்டே பருவம். அவ்வளவு ஓட்டத்தையும் ஒரு சின்ன முத்திரை விழுத்திவிட்டது.

"ஓட விடாட்டிக் கத்தவாவது விடட்டும்" என்று சொல்லி, சொந்த மைதானத்தில் ஒலிவாங்கியைப் பிடித்தான். ஜெர்மனில் தொடங்குவான், சூடு ஏறினால் தமிழ் வந்துவிடும். "ஓடு! ஓடு! ஐயோ, பிடிச்சிட்டான்!" பிறகு அந்த ஜெர்மன் சனம் முழுக்க "ஓடு" என்று கத்தப் பழகியது. உள்ளூர் வானொலியும் கூப்பிட்டது. நிலையம் எசனில், பஸ்ஸில் அரை மணித்தியாலம். அதுவும் எல்லைக்கு அப்பால்! முகாம் வாசல் போன் பெட்டிக்குள் நின்றே சனிக்கிழமைகளில், முந்தின ஞாயிறு ஆட்டத்தை வானொலிக்கு வர்ணனை செய்தான். வெளியே நாங்கள் கண்ணாடியில் தட்டித் தட்டி அவனைச் சிரிக்க வைப்போம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நெஞ்சு நோகுது என்றான். டொக்டரிடம் போக சமூக அலுவலகம் ஒரு அனுமதித் துண்டு தர வேண்டும். அலுவலகம் பூட்டியாகிவிட்டது. "திங்கள் துண்டு எடுத்துக்கொண்டு போடா" என்று சொன்னவள் நான்தான். கொலோனுக்குக் கடதாசி இல்லாமல் போனவன், அன்றைக்கு என் சொல்லைக் கேட்டு இருந்தான். ஞாயிறு மத்தியானம் முகாம் படியில் விழுந்தான். வயது முப்பத்தொன்று. கண்ணாடிக்காரரைத் திட்டும்போதெல்லாம் என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன். செத்தவீட்டுக்கு அவர் மலர்வளையத்தோடு வந்தார். அரைநாள் விடுப்பு எடுத்தாராம். இதற்கு எடுக்க முடிந்திருக்கிறது.

"விழுத்தினவனைப் பாத்துக்கொண்டு படுத்திருக்கக் கூடாது அக்கா" என்பான் ஜெயம். அந்தச் சொல்லையும் அவனுடைய ஹெல்மெட்டையும் நான் வைத்திருக்கிறேன். ஹெல்மெட்டைப் பயிற்சியாளர் தந்தார்.

போன கிழமை என் கடதாசியின் காலத்தை நீட்டுவதற்கு அலுவலகத்தில் டெர்மின், அதுதான் குறித்த நேரம், இருந்தது. வெளிக்கிட முன்னம், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவனுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று பார்க்க அதைத் தலையில் போட்டேன். கொண்டை சிக்கிக் கழற்ற ஏலவில்லை. டெர்மினை விட்டால் ஆறு கிழமை காத்திருக்க வேண்டும். அப்படியே ட்ராமில் போனேன். கண்ணாடிக்காரர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காது தெரிய வேண்டும் என்றார். உள்ளே இருக்கிறது என்றேன். மூன்று மாதம் நீட்டி முத்திரை குத்தினார். வீட்டில் செல்வம் நல்லெண்ணெய் ஊற்றி இழுத்தான். ஹெல்மெட் கழன்றது. இடது தோடு அதற்குள் நின்றுவிட்டது.